சைவநெறிக்கு ஆள் இல்லை: கத்தோலிக்க டீச்சர் எடுக்கலாமா?

வாசகர் கேள்வி

சேர், நான் மலையகத்தில் தரம் 11 வரை உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். சைவநெறி எடுத்த டீச்சர் இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. இந்தத் தவணை நேரசூசியில் தரம் 8 முதல் 11 வரை சைவநெறியை அதிபர் என் பெயரில் போட்டுவிட்டார். நான் கத்தோலிக்கப் பெண். கேட்டால், "சமயம் சமயம்தானே மிஸ், புத்தகத்தைப் பார்த்து வாசித்து விடுங்கள்" என்கிறார். நான் அந்த வகுப்பில் நிற்கும் அதே நேரம் எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருபது பேர் அளவில் நூலகத்தில் சும்மா இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் "மறுத்துவிடு" என்கிறார். இன்னொருவர் "கணிதத்துக்கே ஆள் இல்லை, சமயப் பாடத்தையே எடுத்துவிட வேண்டும்" என்கிறார். "வேதக்கார டீச்சரா எங்கள் பிள்ளைகளுக்குச் சைவம் சொல்லிக் கொடுக்கிறது?" என்று சில பெற்றோர் கதைப்பதாகவும் கேள்வி. நான் மறுக்கலாமா? மறுத்தால் என் இடமாற்றம் பாதிக்குமா? எடுத்தால் என் விசுவாசத்துக்கு விரோதமா?

பதில்

அன்புள்ள டீச்சர்,

நேரே சொல்லிவிடுகிறேன். எடுங்கள். ஆனால் இப்போது உங்கள் கையில் தரப்பட்டிருக்கும் விதத்தில் எடுக்காதீர்கள்.

உங்கள் பாடசாலையில் சைவநெறிக்கு ஆசிரியர் இல்லை. இதுதான் உண்மை நிலவரம். நேரசூசியில் உங்கள் பெயரை எழுதியதும் அந்த உண்மை கடதாசியில் இருந்து காணாமல் போய்விடுகிறது. வருடா வருடம் பாடசாலைத் தொகைமதிப்புக்கு விவரம் போகிறது. வலயத்தில் ஆளணி பார்க்கும்போது எந்தப் பாடத்துக்கு யார் இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். அங்கே உங்கள் பெயர் சைவநெறிக்கு நேரே இருந்தால், வெற்றிடம் இல்லை என்றுதான் அர்த்தம். அடுத்த முறை கல்வியியல் கல்லூரியில் இருந்து சைவநெறி பயின்றவர்கள் வெளியே வரும்போது அவர்களில் ஒருவர் உங்கள் பள்ளிக்கு வர மாட்டார். நீங்கள் நல்ல மனதோடு அடைத்த ஓட்டை, அடைத்ததாலேயே நிரந்தரமாகிவிடும். ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் இதை நான் பள்ளிக்குப் பள்ளி பார்த்திருக்கிறேன். சித்திர ஆசிரியர் தமிழ் எடுப்பார், தமிழ் ஆசிரியர் வரலாறு எடுப்பார், வலயத்து அட்டவணையில் எல்லாக் கட்டமும் நிரம்பி அழகாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை எழுத்து. அதிபருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். கோபம் வேண்டாம், முறைப்பாடு என்ற தொனியும் வேண்டாம். "சைவநெறி ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படும் வரை, தங்கள் வேண்டுகோளின்படி இப்பாடத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்கிறேன். எனது நியமனப் பாடம் புவியியல். நான் கத்தோலிக்க சமயத்தைச் சேர்ந்தவர். எனவே வழிபாடு சார்ந்த பொறுப்புகளை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெற்றிடத்தை வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்குமாறும் வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் இதை ஒரு வரி பதியச் சொல்லுங்கள். பிரதி ஒன்று உங்கள் கோவையில் இருக்கட்டும். நல்ல அதிபர் இதில் கையொப்பம் வைக்கத் தயங்க மாட்டார். வலயத்தில் போய் ஆள் கேட்க அவருக்கே இது கைகொடுக்கும்.

இடமாற்றம் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வாய்மொழியாக "எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தால் அது கடமையை மறுத்ததாகத் திரிந்து போகலாம். அது தேவையில்லாத வம்பு. ஆனால் என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து மறுபக்கத்தில்தான் இருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாமல் இரண்டு பாடத்தையும் சுமந்துகொண்டு இரண்டு மூன்று வருடம் இருந்து பாருங்கள். நீங்கள் இடமாற்றம் கேட்கும்போது "பதிலாள் வந்தால் விடுவிக்கலாம்" என்று குறிப்பு விழும். அப்போது புவியியலுக்கும் சைவநெறிக்கும் சேர்த்துப் பதிலாள் தேடுவார்கள். அப்படி ஒருவர் எங்கே கிடைப்பார்?

இந்தத் தட்டுப்பாடு உங்கள் அதிபர் உண்டாக்கியதும் அல்ல. 2022இல் பொருளாதாரம் விழுந்த நேரம், அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்களும் போனார்கள். தோட்டப் பாடசாலைகளின் கதை அதற்கும் முந்தியது. எழுபதுகளில் அரசு கையேற்கத் தொடங்கும்வரை பல இடங்களில் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான் பள்ளிக்கூடம். பிறகு கட்டடம் வந்தது, கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை வந்தது, பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி வந்தது. ஆனாலும் வெளி மாவட்டத்தில் இருந்து வருபவர், கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் பெட்டியைக் கட்டுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தங்க ஒரு அறை கிடைக்காமல் டவுனில் இருந்து தினமும் பஸ்ஸில் ஏறி வந்தவர்களை எனக்குத் தெரியும். இதற்குள் சமயப் பாடத்துக்கு இன்னொரு சாபக்கேடு: அதை யாரும் எடுக்கலாம் என்ற எண்ணம். விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்றால் கோட்டக் கல்விப் பணிமனை வரை பேச்சுப் போகும். சமயத்துக்கு ஆள் இல்லை என்றால் யாருக்கு ஓய்வுப் பாடவேளை இருக்கிறது என்று நேரசூசியைத் தட்டுவார்கள்.

"சமயப் பாடத்தையே எடுத்துவிட வேண்டும்" என்ற சக ஆசிரியருக்கு ஒன்று சொல்லுங்கள். பள்ளியில் சமயம் வேண்டுமா, அதை அறநெறி வகுப்புக்கும் ஞாயிறு மறைக்கல்விக்கும் விட்டுவிடலாமா என்பது நல்ல விவாதம். எனக்கே அதில் இரண்டு மனம் உண்டு. ஆனால் இன்றைக்கு க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். உயர்தரம் போக ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் முதல் மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்தில் சீ, அதாவது திறமைச் சித்தி, வேண்டும். தோட்டத்துப் பிள்ளை அந்த மூன்று சீயை எங்கே எடுக்கிறது? உங்கள் பள்ளியின் கடந்த பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பாருங்கள். கணிதத்தில் எஸ் (சாதாரண சித்தி), ஆங்கிலத்தில் டபிள்யூ (சித்தியில்லை), விஞ்ஞானத்தில் எஸ். தமிழ், சமயம், அழகியல் பாடம் என்ற மூன்றும்தான் அந்தப் பிள்ளையைக் கரையேற்றியிருக்கும். சமய வகுப்பை வெறும் வாசிப்பாகக் கழித்தால், 11ஆம் தரத்தோடு கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். "எடுங்கள்" என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

இனி உங்கள் விசுவாசம். சொல்லிக் கொடுப்பது ஒன்று, வழிபடுவது இன்னொன்று. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் உள்ள சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. உங்களை யாரும் பூசை செய்ய வைக்க முடியாது. ஆனால் சைவ சித்தாந்தத்தில் முப்பொருள் (பதி, பசு, பாசம்) எவை என்று கரும்பலகையில் எழுதுவதால் உங்கள் ஞானஸ்நானம் அழிந்துவிடாது. உங்களுக்கு இன்னும் உறுத்தினால் பங்குத்தந்தையோடு கதையுங்கள். என் அனுபவத்தில் அவர்கள் இதில் ஆசிரியர்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள்.

மறுபக்கத்தில் ஒரு வரலாறும் உண்டு. ஆறுமுக நாவலர் படித்ததும் படிப்பித்ததும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பள்ளியில். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் பிள்ளைகளுக்காகச் சைவ வினாவிடை எழுதியபோது, கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் முறையைக் கையாண்டார். உங்கள் மறைக்கல்வி வகுப்பில் நீங்கள் சின்ன வயதில் மனப்பாடம் செய்த அதே முறைதான். பெற்றோர் கூட்டத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் இதைச் சொல்லலாம்.

பெற்றோரின் கதையை மட்டும் இலேசாக எடுக்காதீர்கள். லயங்களுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், புதுப்புது சபைகள் வந்து, வீட்டுக்கு வீடு ஜெபம் நடந்து, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்த இடங்கள் உண்டு. கத்தோலிக்கர் வேறு, அந்தச் சபைகள் வேறு என்று நீங்கள் விளக்கினாலும் அவர்கள் கண்ணுக்கு எல்லாரும் வேதக்காரர்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரையே பேசச் சொல்லுங்கள். "ஆள் இல்லை. ஆள் வரும்வரை டீச்சர் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். அரசாங்கப் புத்தகத்துக்கு வெளியே எதுவும் நடக்காது. யாரும் வந்து வகுப்பில் உட்காரலாம்." உண்மையிலேயே ஒரு தாயோ தாத்தாவோ வந்து உட்கார்ந்தால் விடுங்கள். ஒரு பாடவேளை கேட்டுவிட்டு அவரே தோட்டத்தில் போய்ச் சொல்லுவார், அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "மிஸ், நீங்க கோயிலுக்குப் போவீங்களா?" மழுப்ப வேண்டாம். "நான் மாதா கோயிலுக்குப் போறவள். உங்கட சமயத்தை உங்களோட சேர்ந்து படிக்கிறேன். பிழை விட்டால் சொல்லுங்கள்." அதோடு பாடத்துக்குப் போய்விடுங்கள். திருமுறை ஓதுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கோயிலில் பஞ்சபுராணம் பாடும் பிள்ளை ஒன்று இருக்கும். அது "தோடுடைய செவியன்" என்று தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் தானாகச் சேரும். நீங்கள் பொருளையும், பாடியவரையும், எந்தத் திருமுறை என்பதையும் கேட்டால் போதும். பரீட்சையிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் சித்தாந்தம். கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர் தெரியாமலே சறுக்கும் இடம் அது. உயிரை மறைக்கும் ஆணவ மலத்தைச் சொல்லும்போது உங்கள் மனதில் ஜென்ம பாவம் வந்து நிற்கும், அதை வைத்து விளக்கத் தோன்றும். விளக்காதீர்கள். ஜென்ம பாவத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஆதாமில் வந்தது. ஆணவத்துக்குத் தொடக்கமே இல்லை. செம்பில் களிம்பு போல உயிரோடு எப்போதும் இருப்பது என்று சைவ நூல்கள் சொல்கின்றன. அப்புறம், உங்கள் சமயத்தில் ஆன்மாவைக் கடவுள் படைக்கிறார். இங்கே உயிர் படைக்கப்பட்டது அல்ல. "பதியினைப் போற்பசு பாசம் அநாதி" என்கிறது திருமந்திரம். இறைவன், உயிர், மலம் மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் முப்பொருள் அலகில் பிழைவிட மாட்டீர்கள். இருவினை, மும்மலம், சரியை கிரியை யோகம் ஞானம் எல்லாம் அதற்குப் பிறகு தானாக விளங்கும்.

இன்னொன்று. பாடப்புத்தகத்துச் சைவம் பெரும்பாலும் ஆகமக் கோயிலின் சைவம். உங்கள் பிள்ளைகள் வளர்ந்தது மாரியம்மன், மாடசாமி, முனியாண்டி, மதுரைவீரன் முன்னால். புத்தகத்தில் தங்கள் சாமி இல்லை என்று அவர்கள் நினைத்தால் பாடம் அந்நியமாகிவிடும். வெளியில் இருந்து வந்த சைவ ஆசிரியர்கள்கூடப் பல நேரம் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்துப் போடுவார்களே, அதில் சிவன் மன்மதனை எரிக்கிறார். சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் திருக்குறுக்கை வீரட்டத்துக் கதை அதுதான். எட்டு வீரட்டத்தையும் வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, ரதி வேடம் கட்டிய அண்ணன் யார் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கடைசி வாங்கில் தூங்குகிற பையன் எழுந்து நின்று முழுக் கதையும் சொல்வான். மற்ற ஏழும் அந்த வழியில் உள்ளே வந்துவிடும்.

நவராத்திரி வரும்போது வாணி விழாவைச் சமய ஆசிரியர் தலையில் கட்டுவது வழக்கம். அதிபருக்குக் கொடுக்கும் கடிதத்தில் வழிபாட்டுப் பொறுப்பு பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். இந்து மன்றத்துப் பிள்ளைகளும் ஒரு சைவ ஆசிரியரும் பொறுப்பெடுக்கட்டும். நீங்கள் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள், அவல் கடலை பங்கு வையுங்கள். விளக்கேற்றக் கூப்பிட்டால் ஏற்றுவதா இல்லையா என்பது உங்கள் மனதுக்கு உரியது, அதில் நான் தலையிடவில்லை.

இவ்வளவு சொன்னாலும், நீங்கள் எனக்கு எழுதியதில் என்னை அதிகம் தொட்டது நூலகத்தில் சும்மா இருக்கும் அந்த இருபது பிள்ளைகள். அவர்களுக்கு உரிய ஆசிரியர் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார், பக்கத்து அறையில் வேறு சமயம் படிப்பித்துக்கொண்டு! இதை அதிபர் யோசிக்கவில்லை என்றால் நீங்கள் யோசிக்க வையுங்கள். உங்கள் கொத்தணியில், அதாவது அயல் பாடசாலைகளின் தொகுதியில், எங்காவது சைவநெறி ஆசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் பாடவேளை மிச்சமும் இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் அவரை உங்கள் பள்ளிக்குத் தற்காலிகமாக இணைக்கலாம். அந்தப் பள்ளியிலும் கத்தோலிக்கப் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். பதிலுக்கு நீங்கள் ஒரு நாள் அங்கே போய் கத்தோலிக்க திருமறை எடுக்கலாம். இரண்டு அதிபரும் சேர்ந்து கேட்டால் வலயக் கல்விப் பணிப்பாளர் இதைத் தட்டுவதற்குக் காரணம் குறைவு. புது நியமனம் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு கடிதம் போதும். அதிபருக்கான கடிதத்தோடு இந்த யோசனையையும் இணைத்துக் கொடுங்கள்.

அது நடக்கும்வரைக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். தரம் 8, 9 இரண்டையும் ஒன்றாக இருத்தலாம். 10, 11ஐக் கலக்காதீர்கள், பரீட்சைப் பாடத்திட்டம் குழம்பும். ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவரிடம் பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து வைத்தால் அவர் அதன் அலகுகளையும் சேர்த்துக்கொள்வார். முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டவுன் பள்ளிவாசலில் மௌலவி ஒருவர் இருப்பார். தகப்பன்மாரைக் கூப்பிட்டு, புத்தகத்தையும் கடந்தகால வினாத்தாள்களையும் கையில் கொடுத்து, யார் சொல்லிக் கொடுப்பது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அல்ல.

கடைசியாக, சாதாரண தர விண்ணப்பப் படிவங்கள் போகும் காலம் வந்தால் ஒரு தடவை நீங்களே வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் "சைவநெறிக்குத்தானே வகுப்பு நடக்கிறது" என்று கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் சைவநெறியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடம் என்பதைக் கவனிக்காமல் மாற்றிக் குறிப்பதும் உண்டு. பிறகு பிள்ளை பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திறந்து பார்த்துவிட்டு அழும். பாட நிரலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிள்ளையின் சமயம் சரியாக இருக்கிறதா என்று பெற்றோர் கையொப்பத்தோடு சரிபார்த்த பிறகே படிவம் அதிபரின் மேசைக்குப் போகட்டும்.